விருந்தாளி பட்டன்

மகள் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. டிவியைப் போட்டதும் அதன் முகப்பில் சிவப்பு விளக்கு சிமிட்ட ஆரம்பிக்கும். யார் பார்க்கிறீர்கள் என்று அது கேட்பதாக அர்த்தம். அதற்கென்று தனி ரிமோட் உண்டு. பார்க்கிறவர் தன் நம்பரை அழுத்தினால் சிமிட்டல் அடங்கி விளக்கு பச்சையாக எரியும். ஒன்றாம் பட்டன் மாப்பிள்ளைக்கு. இரண்டு என் மகளுக்கு. மூன்று பேரனுக்கு. அவன் சேந்தமங்கலத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். லீவில் இங்கே மலைக்கு வந்தால்தான் அந்தப் பட்டனுக்கு வேலை. ஆனாலும் அவனுக்கு ஒரு நம்பர் இருக்கிறது. எனக்கு இல்லை.

எந்த வீட்டில் யார் எந்த சேனல் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கிற கம்பெனியின் பெட்டி அது. அதை மாட்ட வந்த அன்று நான் சமையல்கட்டில் குச்சிக்கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் எத்தனை பேர் என்று வந்தவர் கேட்டார். மூன்று பேர் என்று மாப்பிள்ளை சொன்னது என் காதில் விழுந்தது. அதில் பொய் ஒன்றும் இல்லை என்றுதான் அப்போது நினைத்தேன். மகன் குடும்பத்தோடு திருப்பூருக்குப் பிழைக்கப் போய் வீட்டைப் பூட்டியபோது, மகள் வந்து, "கொஞ்ச நாள் நம்மூட்டுல வந்து இருங்கம்மா" என்று கூப்பிட்டாள். கொஞ்ச நாள்தானே என்று ஒரு பையோடு வந்தேன். பெட்டி மாட்டும்போதே அந்தக் கொஞ்ச நாள் நீண்டு போயிருந்தது. எவ்வளவு என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

டிவி பார்க்க எனக்கென்று ஓர் இடம் இருந்தது. மாப்பிள்ளை இருக்கிற இடத்தில் மாமியார் வந்து உட்காருகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. அவர் எதிரில் வந்தால் ஒதுங்கிக்கொள்வோம். பேச வேண்டியதிருந்தால் மகளிடம் சொல்லி, மகள் அவரிடம் சொல்வாள். அதனால் நான் சமையல்கட்டுக்கு உள்ளேயே, கதவு நிலைக்கு அந்தப் பக்கம், மடித்த சாக்கின் மேல் உட்கார்ந்துகொள்வேன். அங்கிருந்து பார்த்தால் டிவியின் இடது ஓரத்தை நிலை மறைத்துவிடும். அந்த ஓரத்தில் நிற்கிறவர்கள் பேசுவது மட்டும்தான் எனக்குக் கேட்கும். நாங்கள் பார்க்கிற சீரியலில் மில்காரரின் பெரிய மருமகள் எப்போதும் அந்த ஓரத்தில்தான் நிற்பாள். அவள் எப்படி இருப்பாள் என்று வெகுநாள் வரைக்கும் எனக்குத் தெரியாது.

அது ஏழு மணி சீரியல். என் மகள் வாசலூர்பட்டியில், படகு விடுகிற ஏரிக்குப் பக்கத்தில், ஒரு ஹோட்டலில் சமையல் வேலைக்குப் போகிறாள். மாப்பிள்ளை மிளகு வாங்கி விற்கிறவர். சாயந்திரம் வண்டியில் அவளையும் ஏற்றிக்கொண்டு ஆலத்தூர் நாட்டுப் பக்கம் வீடு வந்து சேரும்போது மணி ஏழைத் தொட்டுவிடும். அவர் கட்டிலில் சாய்ந்து போனைப் பார்ப்பார். அவள் கைகால் கழுவிக்கொண்டு வந்து இரண்டாம் பட்டனை அழுத்திவிட்டு, அதே கதவு நிலையில் முதுகைச் சாய்த்து முன்னறைப் பக்கம் உட்காருவாள். நிலைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். என் முகம் அவளுக்குத் தெரியாது, அவள் முகம் எனக்குத் தெரியாது. அவளுடைய சேலைத் தலைப்பு மட்டும் என் பக்கம் வந்து கிடக்கும்.

கதை ஓடும்போது நாங்கள் பேசமாட்டோம். விளம்பரம் வந்தால் அவள் பேசுவாள்.

அவள் சின்ன வயதிலிருந்தே அதிகம் பேசாதவள். அதில் என்னைப் போல. முகத்துக்கு நேராக என்னம்மா என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். ஆனால் விளம்பரம் ஓடும்போது, பல்பொடிக்கும் சோப்புக்கும் நடுவில், டிவியைப் பார்த்தபடியே அவளாகச் சொல்லுவாள். "இன்னிக்கு ஒரே கூட்டமுங்கம்மா. பாத்திரம் கழுவிக் கழுவி கையெல்லாம் வெந்து போச்சு" என்பாள். தேங்காயெண்ணெய் தடவு கண்ணு என்பேன். படகில் வந்த ஒரு பெண், காசு கொடுத்துவிட்டோம் என்ற தெம்பில், மீன் நாற்றமடிக்கிறது என்று தட்டைத் தள்ளிவிட்டதைச் சொன்னது ஒரு விளம்பரத்தில்தான். ஒருநாள், "பையன் போன் பண்ணுனா அவங்கப்பாகிட்டத்தான் பேசறான். எங்கிட்டக் குடுங்கன்னா, சாப்பிட்டியாங்கறான், வெச்சர்றான்" என்றாள். குரல் கொஞ்சம் மாறி வந்தது. நான் பதில் சொல்வதற்குள் கதை ஆரம்பித்துவிட்டது. அடுத்த விளம்பரம் வரைக்கும் யோசித்துப் பதிலை வைத்திருந்து சொன்னேன். அதுவும் ஒரு வசதிதான். என்னைப் போன்ற ஆளுக்கு உடனே பதில் வராது.

அந்த வீட்டில் நான் இருந்தது அந்த அரைமணி நேரத்துக்காகத்தான். மீதி நேரமெல்லாம் அடுப்பும் கோழியும்தான். மழை பெய்தால் மாடியில் இருக்கும் டிஷ் குடை வேலை செய்யாது, படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். மலையில் மழைக்குப் பஞ்சமில்லை. அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்காது. சீரியல் போச்சே என்று வருத்தப்படுவதாக மகள் நினைத்துச் சிரிப்பாள்.

பிறகு ஒருநாள் படத்துக்கு அடியில் எழுத்து ஓடியது. வரும் திங்கள் முதல் மாலை ஆறரை மணிக்கு. எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் இரண்டு தடவை ஓடிவிட்டது. மகள் என்னை முந்திப் படித்துவிட்டு, "போச்சுங்கம்மா. இனி நாம பாத்தாப்பலதான்" என்றாள். ஏழு மணிக்குக் குழந்தைகள் பாட்டுப்போட்டி வரப்போகிறதாம். மாப்பிள்ளை போனிலிருந்து தலையைத் தூக்கி, அது ஒன்றாவது பார்க்கிற மாதிரி இருக்கும் என்றார்.

ஆறரை மணிக்கு யார் வீட்டில் இருப்பார்கள்? கீழே பட்டணத்தில் இருப்பார்களோ என்னவோ. எங்கள் பக்கத்தில் காட்டுக்குப் போனவர்கள் அப்போதுதான் விறகைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்புவார்கள். ஹோட்டலில் என் மகள் அடுப்பைக் கழுவிக்கொண்டிருப்பாள். எந்த நேரத்தில் எந்த வீட்டில் யார் உட்காருவார்கள் என்று பெட்டி வைத்துக் கண்டுபிடிக்கிறவர்களுக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் செய்திருப்பார்கள். நாங்கள் போனால் போகட்டும் என்று விட்டிருப்பார்கள்.

நான் ஒரு யோசனை செய்தேன். நான் பார்த்து வைத்து அவளுக்குச் சொல்லலாம் என்று.

அந்த நேரத்தில் வீட்டில் யாரும் இல்லாததால் முதல் தடவையாக முன்னறையில் உட்கார்ந்து பார்த்தேன். முழு டிவியும் தெரிந்தது. மில்காரரின் பெரிய மருமகளை அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன். குரலைக் கேட்டு நான் நினைத்து வைத்திருந்ததைவிட அழகாக இருந்தாள், அது எனக்குப் பிடிக்கவில்லை. பெட்டி சிமிட்டிக்கொண்டே இருந்தது. சிமிட்டச் சிமிட்ட எனக்குப் பயம். யாரோ வாசலில் நின்று கேட்டுக்கொண்டே இருப்பது போல. மகளுக்காகத்தானே பார்க்கிறோம் என்று இரண்டாம் பட்டனை அழுத்தினேன். விளக்கு பச்சையாகி அடங்கியது. அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். அவளுடைய இடத்தில் அவளுக்குப் பதிலாக நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று எனக்கு ஒரு நிம்மதி.

அவள் வந்ததும் சமையல்கட்டில் வைத்துக் கதையைச் சொல்வேன். எனக்குக் கோவையாகச் சொல்ல வராது. பின்னால் நடந்ததை முன்னால் சொல்லிவிடுவேன். முதலில் சில நாட்கள், "அப்புறம்?" என்று கேட்டபடி வெங்காயம் உரித்தாள். பிறகு, "அவ புருசன் கெடச்சானா இல்லியா, அத மட்டுஞ் சொல்லுங்கம்மா" என்றாள். அதற்கும் பிறகு, நாளைக்குக் கேட்டுக்கொள்கிறேன் என்றாள்.

எங்கே பிசகியது என்று யோசித்துப் பார்த்தேன். கதை சொல்லும்போது விளம்பரம் இல்லை. நான் பேசிக்கொண்டே இருந்தேன், அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் பேச இடமில்லை. ஒருநாள் வேண்டுமென்றே நடுவில் நிறுத்திப் பார்த்தேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன், அவளாக ஏதாவது சொல்லுவாள் என்று. "மறந்துட்டீங்களாட்டங்குது" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போய்விட்டாள்.

அதற்குள் கம்பெனியிலிருந்து ஆள் வந்துவிட்டார். பெட்டியைப் பார்க்க மாதம் ஒரு தடவை மலையேறி வருகிற தம்பிதான். காலையில், அவர்கள் இருவரும் வேலைக்குக் கிளம்புகிற நேரம். நான் உள்ளே சாமை அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

"முந்தாநாள் சாயந்திரம் ஆறே முக்காலுக்கு உங்களுக்கு ஆபீசுல இருந்து போன் பண்ணுனாங்களாங்க?" என்று என் மகளிடம் கேட்டார்.

"ஆமாங்க. எங்க இருக்கீங்கன்னு கேட்டாங்க. ஹோட்டல்ல வேலையா இருக்கறேன்னு சொன்னேனுங்க."

"ஆனா பெட்டி, நீங்க ஊட்டுல உக்காந்து சீரியல் பாக்கறீங்கன்னு சொல்லுதுங்களே. அன்னிக்கு மட்டுமில்ல. தெனமும்."

மாப்பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. புரிந்தது என்பது அவர் சிரிப்பிலேயே தெரிந்தது. "ஊட்டுல ஆளில்லாதப்ப பேய் வந்து உக்காந்து பாக்குதாட்டிருக்குதுங்க" என்றார். அந்தத் தம்பியும் சிரித்தார். மகளும் சிரித்தாள். பேய் உள்ளே அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றது.

சிரித்து முடித்துவிட்டு அந்தத் தம்பி விஷயத்துக்கு வந்தார். ஆள் மாற்றி அழுத்தினால் கணக்கே கெட்டுப் போகுமாம். இந்த ஒரு வீட்டுப் பெட்டியை வைத்துத்தான் இப்படிப்பட்ட எத்தனையோ வீடுகளைக் கணக்குப் போடுகிறார்களாம். இங்கே தப்பாக அழுத்தினால் அத்தனை வீட்டுக் கணக்கும் தப்பாகுமாம். அதை வைத்துத்தான் எந்த சீரியலை எந்த நேரத்துக்கு மாற்றுவது, எதை நிறுத்துவது என்றெல்லாம் முடிவு செய்கிறார்களாம். "நெசமா ஆரு பாத்தாங்கன்னு சொன்னாப் போதுமுங்க" என்றார்.

"எங்கம்மாங்க" என்றாள் மகள்.

அதை அவள் சொன்ன விதத்தில் எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. நான் இருப்பதை வெளி ஆளிடம் அவள் சொல்வது அதுதான் முதல் தடவை.

"இங்கதான் இருக்கறாங்களா? அப்ப நாலாவது ஆளாச் சேத்திரலாமுங்களே. நம்பர் போட்டுக் குடுத்தர்றேன்."

மாப்பிள்ளை வண்டிச் சாவியை எடுத்தார். அவருக்கு அதில் குறுக்கே பேச ஒன்றுமில்லை, அது அவள் சொல்ல வேண்டிய பதில். நான் நிலைக்குப் பக்கத்தில் வந்து நின்றேன். விளம்பரம் வந்தால் அவள் குரல் எங்கிருந்து வருமோ அந்த இடத்தில். இரண்டே வார்த்தை போதும், இங்கதான் இருக்கறாங்க என்று.

"இல்லீங்க" என்றாள். "விருந்தாளியா வந்திருக்கறாங்க."

அந்தத் தம்பிக்கு வேலை சுலபமாகிப் போனது. "அதுக்குத்தானுங்க விருந்தாளி பட்டன் இருக்குது" என்று ரிமோட்டின் கடைசியில் இருந்த பட்டனைக் காட்டினார். அதை அழுத்தினால் ஆணா பெண்ணா, என்ன வயது என்று கேட்கும், அதையும் அழுத்திவிட்டால் முடிந்தது என்றார். பிறகு சமையல்கட்டைப் பார்த்து, "ஏனுங்கம்மா, உங்க வயசு என்னங்க?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். வெளி ஆளுக்குப் பதில் சொல்ல எனக்கு எப்போதும் நாக்கு எழாது. மகளே ஒரு வயதைச் சொன்னாள். அது என் வயதுமில்லை. குறைத்துச் சொல்லியிருந்தாள்.

அவர் போன பிறகு சமையல்கட்டுக்கு வந்தாள். என் பக்கம் திரும்பாமல் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே, "ஒரு பேச்சுக்குச் சொன்னதுங்கம்மா. நாலு பேருன்னா, மொதல்ல எதுக்கு மூணுன்னு சொன்னீங்கம்பாங்க. அப்புறம் பெட்டியக் கழட்டிட்டுப் போயிருவாங்க" என்றாள்.

"செரி சாமி" என்றேன்.

பெட்டி வைத்ததற்காக அவர்களுக்கு ஒரு ஹாட் பாக்ஸ் கொடுத்திருந்தார்கள். இட்லி சூடாக இருக்கும். நல்ல சாமான்தான், இல்லை என்று சொல்லவில்லை.

அதன் பிறகு ஆறரைக்கு நான் டிவி போடுவதை விட்டுவிட்டேன். இரண்டு அழுத்தக் கூடாது. விருந்தாளி அழுத்த எனக்கு மனசில்லை. அழுத்தாமல் பார்த்தால் அந்தச் சிவப்பு விளக்கு விடாது. கோழிகளை அடைத்துவிட்டு, இருட்டுகிற வரைக்கும் அடுப்பு முன்னால் உட்கார்ந்திருப்பேன். சில வாரம் போன பிறகு ஒருநாள் தாங்கவில்லை. போட்டேன். சிமிட்டியது. சரி என்று அந்தப் பட்டனையே அழுத்தி, பெண் என்று அழுத்தி, என் சரியான வயதையும் அழுத்தினேன். பச்சை வந்தது. அன்றைக்கென்று பார்த்து, மில்காரர் மருமகள் ரயிலடியில் அழுதுகொண்டு நிற்கும்போது படம் அப்படியே நின்று, முதல் பாகம் நிறைவு என்று எழுத்து வந்தது. இரண்டாம் பாகம் விரைவில் என்றும் போட்டார்கள்.

என்னால்தான் நின்றது என்று சொல்ல நான் அவ்வளவு பெரிய ஆள் இல்லை. ஆனால் எந்தெந்த ஊரில் எத்தனை பெட்டி இருக்கிறதோ, அந்தந்த வீட்டுச் சமையல்கட்டில் நிலைக்கு அந்தப் பக்கம் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்களோ, அவர்களை யார் எண்ணினார்கள்? பார்க்க ஆளில்லை என்று நிறுத்தியிருப்பார்கள்.

விரைவில் என்றார்கள். சாமை அறுத்துத் தட்டியும் ஆயிற்று, வரவில்லை. மிளகு பறிக்க ஆள் வந்து போனார்கள், வரவில்லை. இந்த இடைவெளியில்தான் மகள் காதில் மாட்டுகிற அந்த ஒயரை வாங்கினாள். ஹோட்டலில் கூட வேலை செய்கிறவள் பழக்கிவிட்டாளாம். வந்து கைகால் கழுவியதும் மாப்பிள்ளை கட்டிலில் ஒரு போன், இவள் சுவரோரம் ஒரு போன். துண்டு துண்டாக ஏதேதோ ஓடும். ஒன்று முடிவதற்குள் விரலால் தள்ளி அடுத்ததுக்குப் போய்விடுவாள். அதில் விளம்பரம் வந்தால் அதையும் தள்ளிவிடுவாள். டிவியில் பாட்டுப்போட்டிக் குழந்தைகள் தம் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கும்.

சும்மா இருக்கிற ஆளை ஓர் இடத்தில் உட்கார வைத்து, தினமும் அதே நேரத்துக்கு வரப் பழக்கி, அப்புறம் நேரத்தை மாற்றி, அப்புறம் நிறுத்தி வைத்துவிட்டால், திரும்பக் கூப்பிடும்போது அந்த ஆள் அங்கேயே இருப்பார் என்று அவர்கள் எப்படி நினைத்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன், அதைச் சொல்லியாக வேண்டும்.

இரண்டாம் பாகம் வரப்போவதாக விளம்பரம் போட்டபோது நேரம் மறுபடி ஏழு மணி என்றார்கள். அதைப் படித்ததும் நான் பட்ட சந்தோஷத்தை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது. ஆரம்பிக்கிற அன்று காலையிலேயே மகளிடம் சொல்லி வைத்தேன். "அதெல்லாம் இன்னும் ஓடுதா?" என்று கேட்டுவிட்டு, சரிங்கம்மா பார்க்கலாம் என்றாள். சாயந்திரம் கதவு நிலைக்கு அந்தப் பக்கம் கூட்டித் துடைத்தேன். என் சாக்கை உதறிப் போட்டேன். மழை வரக் கூடாது என்று வானத்தைப் பார்த்துக்கொண்டேன்.

வந்தாள். கைகால் கழுவினாள். நான் சொன்னதற்காகவே வந்து நிலையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். தலைப்பு என் பக்கம் வந்து விழுந்தது. பெட்டி சிமிட்டியது. அவள் டிவியைப் பார்க்காமலே கையை நீட்டி ரிமோட்டை எடுத்து இரண்டை அழுத்தினாள். பச்சை வந்தது.

கதை ஆரம்பித்தது. ரயிலடியில் நின்ற மருமகளுக்கு வேறு பெண்ணைப் போட்டிருந்தார்கள். இவள் கொஞ்சம் குட்டை. மகள் ஒன்றும் கேட்கவில்லையே, ஆளை மாற்றிவிட்டார்களே, அவளுக்குத் தெரியவில்லையா என்று நினைத்தேன். முதல் விளம்பரம் வந்தது. அவள் பேசட்டும் என்று காத்திருந்தேன். பேசவில்லை. களைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது விளம்பரம் வந்தது.

நிலைக்கு அந்தப் பக்கம் இருந்தால்தான் பேச முடிகிறது என்பது அவளுக்கு மட்டுமில்லை, எனக்கும்தான். விருந்தாளி என்று அவள் சொன்ன காலையிலிருந்து வயிற்றுக்குள் வைத்திருந்ததை, டிவியைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"ஏன் கண்ணு, நான் எப்பக் கெளம்போணும்?"

பதில் வரவில்லை. இவ்வளவு நாள் கழித்துக் கேட்டதும் திகைத்துவிட்டாளோ, அழுகிறாளோ என்று எனக்குப் பதறியது. வழக்கத்தை விட்டு, நிலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். அவள் இரண்டு காதிலும் ஒயர் இருந்தது. மடியில் போன். யாரோ ஒருவன் வழுக்கி விழுகிறதைப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள். என் நிழல் பட்டிருக்க வேண்டும். தலையைத் தூக்காமலே, "ஆமாங்கம்மா" என்றாள்.

விளம்பரம் முடிந்தது. நான் சாக்கில் போய் உட்கார்ந்தேன். டிவிக்குப் பக்கத்தில் அவள் அழுத்திய இரண்டாம் நம்பருக்கு விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.